60 டாலர் கடன்

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃப்ரீஹோல்டு என்றொரு சிற்றூர். அங்கே ஏழு வயதுப் பையன் ஒருவன், தொலைக்காட்சியில் எல்விஸ் பிரெஸ்லி ஆடிப் பாடுவதைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கிட்டார் கேட்டு அடம்பிடித்தான். விலைக்கு வாங்க வசதியில்லை. அம்மா வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். பிஞ்சு விரல்கள் கம்பியை எட்டவில்லை என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில், பையன் கொல்லைப்புறத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டினான். கிட்டாரைத் தட்டினான், உலுக்கினான், கத்தினான், இடுப்பை ஆட்டினான். வாசிப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தான். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அதன் பிறகு கிட்டார் கடைக்குப் போய்விட்டது.

அந்தப் பையன்தான் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1949 செப்டம்பர் 23 அன்று பிறந்தவர். இந்தக் கொல்லைப்புறக் கச்சேரிக் கதையை 68ஆவது வயதில் நியூயார்க்கின் பிராட்வேயில், வால்டர் கெர் அரங்கில், வாரத்துக்கு ஐந்து இரவு மேடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாமலே வாசிப்பவன் போல நடித்துக் கைதட்டு வாங்கியதுதான் தன் தொழிலின் தொடக்கம் என்று சொல்லிச் சிரிப்பார். அரங்கும் சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் கிடப்பது அவரை அரை நூற்றாண்டாக அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி: நான் உண்மையான ஆள்தானா, வேஷக்காரனா?

கிட்டார் அவரிடம் திரும்பி வந்தது பதின்வயதில். முதலில் அவரே காசு சேர்த்து வாங்கிய 18 டாலர் கிட்டார். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா வாங்கித் தந்த 60 டாலர் மின்கிட்டார். அந்த 60 டாலருக்கு அடேல் ஸ்பிரிங்ஸ்டீன் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். அவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளர். கணவர் டக்ளஸ் கம்பள ஆலை, பேருந்து ஓட்டுதல், சிறைக் காவல் என்று வேலை மாறிக்கொண்டேயிருந்தவர். நிலையாக ஓரிடத்தில் தங்கியவரல்லர். வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்தது அம்மாவின் சம்பளம்தான்.

இன்று நான் நிற்பது ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடையில். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடு. யாரோ ஒருவர் மறைந்த ஒருவரை நினைத்து வங்கியில் பணம் போடுகிறார். அந்த வட்டியில் ஆண்டுக்கொரு பேச்சு நடக்கிறது. நன்றியைத் தமிழ் கடனாகவே எண்ணியிருக்கிறது, நன்றிக்கடன் என்றே சொல்கிறது. அதனால் இந்த மேடையில் ஒரு ராக் பாடகரைப் பற்றிப் பேசுவது முறையா என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு அந்த 60 டாலர் கடன் இருக்கிறது. 2021இல் ஸ்பிரிங்ஸ்டீன் தன் பாட்டுகளின் உரிமையை சோனி நிறுவனத்துக்கு விற்றபோது, தொகை ஏறக்குறைய 50 கோடி டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. முதல் கடனும் கடைசி விலையும் இவை. நடுவில் அந்த மனிதர் தன்னைப் படுத்திய பாடுதான் இன்றைய பேச்சு.

1972இல் கொலம்பியா நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் அவரை நேரில் பாடச் சொல்லிக் கேட்டார். ஒப்பந்தமானது. 1973இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. எழுதுகிறவர்கள் புகழ்ந்தார்கள், வாங்குகிறவர்கள் வரவில்லை. மூன்றாவதும் விற்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலை. அப்போது எழுதத் தொடங்கியதுதான் 'பார்ன் டு ரன்'.

நாலரை நிமிடப் பாட்டு அது. பதிவுசெய்ய ஆறு மாதம் ஆனது. நியூயார்க் மாநிலத்தின் பிளாவெல்ட் என்ற ஊரில் 914 சவுண்டு ஸ்டூடியோஸ் என்ற சிறிய கூடத்தில், 1974இல் அந்த ஒரு பாட்டின் மேல் அடுக்கடுக்காகக் கிட்டார், பியானோ, மணியொலி, சாக்ஸபோன் என்று பூசிக்கொண்டே போனார்கள். இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1960களில் செய்தது போல, கருவிகளைப் பிரித்தறிய முடியாத ஒரு மதில் எழும்ப வேண்டும் என்பது ஸ்பிரிங்ஸ்டீனின் ஆசை. கற்பனையில் கேட்ட ஓசையும் ஒலிபெருக்கியில் வந்த ஓசையும் ஒத்துப்போகவே இல்லை. மிச்சப் பாட்டுகளுக்கு நியூயார்க்கின் ரெக்கார்டு பிளாண்ட் கூடத்துக்கு மாறினார்கள். 'ஜங்கிள்லேண்டு' பாட்டின் நடுவில் வரும் சாக்ஸபோன் பகுதி இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்காகக் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 16 மணி நேரம் நின்றார். ஸ்பிரிங்ஸ்டீன் ஒவ்வொரு சுரமாகச் சொல்லச் சொல்ல ஊதினார். இது சரியில்லை, இன்னொரு தடவை. இதுவும் இல்லை, இன்னொரு தடவை. ஆறடிக்கு மேல் உயரமும் மலை போன்ற உடம்புமாக இருந்த கிளெமன்ஸ் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் கிளம்பவில்லை. இன்று அந்த ஊதலைக் கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் உள்ளேயிருந்து பொங்கி வந்தது போலத் தோன்றும். அங்குலம் அங்குலமாக ஒட்டவைத்தது அது.

1975 ஜூலை 20 விடியும்வரை வேலை நடந்தது. அங்கிருந்து காரில் ஏறி ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகருக்கு, அன்றிரவுக் கச்சேரிக்கு ஓடினார்கள். சுற்றுப்பயணத்தின் நடுவில் சோதனைத் தட்டு வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் போட்டுக் கேட்டார். எழுந்து போய் ஓட்டலின் நீச்சல் குளத்தில் வீசினார். ஆல்பத்தையே கைவிடலாம், இதே பாட்டுகளை ஒரு கிளப்பில் நேரடியாக வாசித்துப் பதிவுசெய்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. ஜான் லாண்டோ என்ற முன்னாள் விமர்சகர், அப்போது சக தயாரிப்பாளர், பிறகு வாழ்நாள் மேலாளர், பேசிப் பேசி மனதை மாற்றினார். ஆல்பம் 1975 ஆகஸ்ட் 25 அன்று வந்தது. அக்டோபர் 27 தேதியிட்ட 'டைம்' இதழ், 'நியூஸ்வீக்' இதழ் இரண்டின் அட்டையிலும் ஒரே வாரத்தில் அவர் முகம்.

குளத்தில் போய் விழுந்த அந்தத் தட்டை வைத்துப் பலரும் ஒரு கதை கட்டுகிறார்கள்: மேதைக்குத் தன் மேதைமை தெரியாது என்று. அது அவ்வளவு சுலபமல்ல. அந்த ஆறு மாதத்தில் பாட்டை நல்ல பாட்டாக்கியது அவருடைய திருப்தியின்மைதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் அந்தத் திருப்தியின்மைக்கு நிறுத்தத் தெரியவில்லை. மரத்தை இழைத்து முடித்த பிறகும் இழைப்புளி ஓடிக்கொண்டேயிருந்தால் மிஞ்சுவது சீவல்தான். எங்கே நிறுத்துவது என்று சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டார். ஸ்பிரிங்ஸ்டீனுக்கு லாண்டோ கிடைத்தார். கிடைக்காதவர்களின் தட்டுகள் குளத்திலேயே கிடக்கும், நமக்குத் தெரியவும் வராது.

அதே ஆண்டு நவம்பர் 18. லண்டனில் முதல் கச்சேரி, ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கு. ஸ்பிரிங்ஸ்டீனுக்காக லண்டன் ஒருவழியாகத் தயாராகிவிட்டது என்ற தோரணையில் நிறுவனம் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பார்த்ததும் கூசிப்போய், உள்ளே சுவர்களில் இருந்தவற்றைத் தன் கையாலேயே கிழித்தார். பாடினார். விடுதிக்குத் திரும்பியவருக்குத் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம். அன்றைய கச்சேரியைப் படம்பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2005இல்தான் அது வெளிவந்தது. கம்பளித் தொப்பியும் தாடியுமாக, 26 வயதுப் பையன் ஒருவன் அரங்கையே தூக்கி வைத்து ஆடுகிற படம் அது. அன்றிரவு தன்மேல் அவர் எழுதிக்கொண்ட தீர்ப்பு சுத்தமாகத் தப்பு.

அப்போதைய மேலாளரோடு வழக்கு, அதனால் ஏறக்குறைய ஓராண்டு ஸ்டூடியோவுக்குள் போக முடியாத முடக்கம், எல்லாம் கடந்து 1978இல் அடுத்த ஆல்பம். அதற்காக எழுதிக் குவித்தவை ஏறக்குறைய 70 பாட்டுகள், வைத்துக்கொண்டவை 10. அந்த நாட்களின் படச்சுருள் பின்னாளில் ஆவணப்படமாக வந்தது. அதில் ஒரு காட்சி பார்த்தே ஆக வேண்டியது. டிரம்மர் மேக்ஸ் வைன்பெர்க் அடிக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்ஸ்டீன், குச்சிச் சத்தம் கேட்கிறது, குச்சிச் சத்தம் கேட்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். தோலில் குச்சி விழுந்தால் குச்சிச் சத்தம் கேட்காமல் என்ன கேட்கும்? நாள்கணக்கில் இது நடந்தது. ஒதுக்கிய பாட்டுகளில் பாதியில் நின்ற ஒன்று, பக்கத்து ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்த பாடகி பாட்டி ஸ்மித்துக்குப் போனது. அவர் மிச்ச வரிகளை எழுதிச் சேர்த்தார். 'பிகாஸ் த நைட்' என்ற அந்தப் பாட்டுதான் பாட்டி ஸ்மித்தின் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி. இன்னொன்று, 'ஃபயர்', பாயிண்டர் சிஸ்டர்ஸ் குரலில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. இவர் வேண்டாமென்று தள்ளியது மற்றவர் வீட்டில் விளக்கேற்றியது.

இனி வருவதுதான் விநோதம். ஆறு மாதம் ஒரு பாட்டை இழைத்த இந்த மனிதர், 1982 ஜனவரியில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரின் வாடகை வீட்டுப் படுக்கையறையில், பெரும்பாலும் ஒரே இரவில் ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்தார். அது ஆல்பம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

நடந்தது இது. ஸ்டூடியோவில் எழுதுவதும் திருத்துவதுமாகப் பணம் கரைகிறது. வீட்டிலேயே மாதிரி பதிவுசெய்து வைத்துக்கொண்டால், பிறகு குழுவோடு போய் முறையாக வாசிக்கலாம். கிட்டார்களைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் மைக் பாட்லனிடம் ஒரு பதிவுக்கருவி வாங்கி வரச் சொன்னார். வந்தது டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144. சாதாரணக் கேசட்டில் நாலு தடங்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்யும் பெட்டி. விலை ஏறக்குறைய 1000 டாலர். இரண்டு மைக். குரலும் கிட்டாரும் முதலில் பதிவாகும்; மிச்சத் தடங்களில் இன்னொரு குரலோ கஞ்சிராவுக்கு அக்கா முறையான டாம்புரினோ சேரும். நாலையும் ஒன்றாகக் கலந்து இறக்கிய கருவி இன்னும் சுவாரசியம்: ஆற்றில் விழுந்து சேறு அப்பி, செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்து, பிறகு ஒருநாள் தானாக உயிர் பிழைத்த பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டர். உலகப்புகழ் பெற்ற ஓர் ஆல்பத்தின் மூலப்பிரதி அதில்தான் இறங்கியது. அந்தக் கேசட்டைப் பெட்டிகூட இல்லாமல் பல வாரம் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்.

அதில் இருந்த பாட்டுகள் கொலைகாரர்களையும் கடன்காரர்களையும் வேலை போனவர்களையும் பற்றியவை. 1950களின் கடைசியில் நெப்ராஸ்கா பக்கம் தொடர்கொலை செய்த சார்லஸ் ஸ்டார்க்வெதரின் கதையைத் தழுவி டெரன்ஸ் மாலிக் எடுத்த 'பேட்லேண்ட்ஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது ஒரு தூண்டுதல். ஃபிளானரி ஓகானரின் சிறுகதைகள் இன்னொன்று. ஆனால் அந்தப் பாட்டுகளின் குளிர் அவருடைய பாட்டி வீட்டிலிருந்து வந்தது. ஃப்ரீஹோல்டில் தாத்தா பாட்டியோடு அவர் வளர்ந்த வீடு இடிந்துகொண்டிருந்த வீடு. சூட்டுக்கு இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஐந்து வயதில் லாரி மோதி இறந்துபோன அத்தையின் படம் கூடத்துச் சுவரில். போன பிள்ளைக்குப் பதிலாக வந்த பிள்ளையாகப் பாட்டி இவரை அள்ளி வைத்துக்கொண்டார். பாசம் என்றால் மூச்சு முட்டுகிற பாசம்.

ஏப்ரலில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் கூடத்தில் குழு கூடியது. ஈ ஸ்ட்ரீட் பேண்ட் என்பது அன்றைய அமெரிக்காவின் தலைசிறந்த மேடைக் குழுக்களில் ஒன்று. படுக்கையறைப் பாட்டுகளை அவர்கள் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். நன்றாக வாசிக்க வாசிக்கப் பாட்டு செத்தது. ஸ்பிரிங்ஸ்டீன் தனியாகவும் முயன்று பார்த்தார், நல்ல மைக், நல்ல கூடம். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் பையிலிருந்து கேசட்டை எடுத்து, இதையே போட்டுவிட்டால் என்ன என்றார். ஒலிப்பொறியாளர்களுக்கு அது தலைவலியானது. கேசட்டில் ஒலியின் அளவு தாழ்வாக இருந்ததால், இசைத்தட்டில் பள்ளம் வெட்டும் கருவிகள் ஒன்றின்பின் ஒன்றாகக் கைவிரித்தன. ஒருவழியாக வெட்டினார்கள். 1982 செப்டம்பர் 30 அன்று 'நெப்ராஸ்கா' வந்தது. சுற்றுப்பயணம் இல்லை, பேட்டி இல்லை.

இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு துணிச்சல் உண்டு. அதே 1982 வசந்தத்தில், அதே பவர் ஸ்டேஷனில், 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டையும் அந்தப் பெயரிலான ஆல்பத்தின் பெரும்பகுதியையும் குழு பதிவுசெய்து முடித்திருந்தது. பின்னாளில் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். அது கையில் இருக்கும்போதே இரண்டு ஆண்டு ஓரமாக வைத்துவிட்டு, இரைச்சலும் கரகரப்புமான ஒரு கேசட்டை வெளியிட்டார். தன்மேல் ஐயம் நிறைந்த ஒருவர் செய்கிற காரியமா இது? அவரைப் பொறுத்தவரை ஆம். அவருடைய ஐயம் தன் திறமையைப் பற்றியதைவிடத் தன் நேர்மையைப் பற்றியது. பெரிய ஓசை வந்தபோது அதை நம்ப மறுத்தார். சிறிய ஓசையில் பொய் கலக்கவில்லை என்று பட்டதும் பிடிவாதமாக அதன் பக்கம் நின்றார்.

ஆனால் ஐயம் ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது போலக் கழற்றி வைக்கிற சரக்கல்ல. 'நெப்ராஸ்கா' முடிந்த கையோடு, 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்ஸ்டீன் ஒரு நண்பரோடு கலிஃபோர்னியாவை நோக்கிக் காரில் கிளம்பினார். வழியில் டெக்சாஸில் ஏதோ ஒரு சிற்றூர். மாலை நேரம், திருவிழா. இசை ஓடுகிறது, ஜோடிகள் ஆடுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓரமாக நின்று பார்த்தவருக்கு உள்ளே ஏதோ உடைந்தது. இந்த மனிதர்களைப் பற்றியே பாடிக்கொண்டிருக்கிறேன், இவர்களில் ஒருவனாக என்னால் ஒருநாளும் ஆக முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்ததும் லாண்டோவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மருத்துவரிடம் போக வேண்டும் என்றார் லாண்டோ. போனார், பல பத்தாண்டுகள் போய்க்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் மனச்சோர்வு மறுபடி வந்து ஆண்டுக்கணக்கில் ஆளை அமுக்கியதையும், மாத்திரைகளையும், மனைவி பாட்டி சியால்ஃபா தாங்கிப் பிடித்ததையும் 2016இல் வந்த தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதினார். மூன்று மணி நேரம் மேடையில் துள்ளிக் குதிக்கிற ஆள் வீட்டில் போர்வைக்குள் கிடந்தார் என்பதை நம்ப ரசிகர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

1990 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மேடையில், 'நெப்ராஸ்கா'வின் பாட்டொன்றைப் பாடுவதற்கு முன் ஒரு சம்பவம் சொன்னார். இரவில் காரை எடுத்துக்கொண்டு, சின்ன வயதில் குடியிருந்த வீடுகளைத் தாண்டிப் போய்வருவது அவர் வழக்கம். வாரத்தில் பல இரவுகள். ஏன் போகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை, மருத்துவரிடம் கேட்டார். அங்கே ஏதோ தப்பாக நடந்தது, திரும்பிப் போய் அதைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள் என்றார் மருத்துவர். அதேதான் செய்கிறேன் என்றார் இவர். அது உங்களால் முடியாது என்றார் மருத்துவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வீடுகளுக்குள் இருந்தவர் அப்பா. இருட்டில், சமையலறையில், பீரும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்த டக்ளஸ். மகனின் நீள்முடியையும் கிட்டாரையும் வெறுத்தவர். அவருக்கு இருந்தது மனநோய் என்று மருத்துவர்கள் பெயர் சொன்னது மிகவும் தாமதமாகத்தான். ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் குழந்தை பிறப்பதற்குச் சற்று முன், 1990இல், அந்த அப்பா சொல்லாமல் கொள்ளாமல் 500 மைல் கார் ஓட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு வந்தார். காலை பதினோரு மணிக்கே பீர் குடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்க, நீ எங்களுக்கு நல்லவனாக இருந்தாய், நான் உனக்கு அப்படி இருக்கவில்லை என்ற அளவில் ஒரு வார்த்தை சொன்னார். மகனும் சுருக்கமாக ஏதோ சொன்னார். ஆண்பிள்ளைகள் இருவரின் மன்னிப்பு எந்த ஊரிலும் இவ்வளவுதான் நீளும்.

1999 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது அப்பா உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் போய்விட்டார். ஏற்புரையில் ஸ்பிரிங்ஸ்டீன் அப்பாவுக்கு நன்றி சொன்ன விதம் அலாதி. இவர் இல்லாவிட்டால் நான் எதைப் பற்றி எழுதியிருப்பேன், எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிருந்தால் சந்தோஷப் பாட்டுகள்தான் எழுதியிருப்பேன், 1990களின் தொடக்கத்தில் அதையும் முயன்று பார்த்தேன், ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்கிற பொருளில் பேசினார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. 1992இல் ஒரே நாளில் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களைத் தானே காலை வாரிக்கொண்ட நகைச்சுவை அது. அதே மேடையில் 60 டாலர் கடனையும் சொன்னார், அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். தொடக்ககாலக் குழுவான காஸ்டைல்ஸ் பையன்களுக்குத் தங்கள் சின்ன வீட்டை ஒத்திகைக்குத் திறந்துவிட்ட டெக்ஸ் வின்யார்டு, மேரியன் வின்யார்டு தம்பதியையும் சொன்னார். டெக்ஸ் ஆலைத் தொழிலாளி. அறை முழுக்கக் கருவிகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கத்தும் பிள்ளைகளை வீட்டில் விட எத்தனை பேருக்கு மனம் வரும்?

நன்றியில் இன்னொரு வகை உண்டு. அது தொண்டையில் முள்ளாக நிற்கும். காஸ்டைல்ஸ் குழுவின் டிரம்மர் பார்ட் ஹேய்ன்ஸ் ராணுவத்தில் சேர்ந்து 1967இல் வியட்நாமில் இறந்தார். 1960களின் கடைசியில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் ராணுவ உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முந்தைய மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் பட்ட அடியும், படிவங்களில் வேண்டுமென்றே செய்த கிறுக்குத்தனமும் சேர்ந்து அவரைத் தகுதியற்றவராக்கின. வீட்டுக்கு வந்தார். தன் இடத்தில் போனவர் யார் என்று சில சமயம் யோசிப்பதுண்டு, யாரோ ஒருவர் போயிருக்கிறார் என்று பிராட்வே மேடையில் சொல்லிவிட்டுத்தான் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டைத் தொடங்குவார். குழு இல்லை, முழக்கமில்லை, ஒற்றைக் கிட்டார். 1984 தேர்தல் பிரசாரத்தில் ரீகன் இவர் பெயரைத் தன் பக்கம் இழுத்துப் பேசியபோது அவர் கேட்டிருக்க வேண்டியது இந்த வாசிப்பைத்தான்.

2017 அக்டோபர் முதல் 2018 டிசம்பர்வரை நடந்தது அந்த பிராட்வே நிகழ்ச்சி. மொத்தம் 236 இரவுகள். தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொள்வது, தான் வாழ்நாளில் ஆலை வேலை எதுவும் பார்த்ததில்லை, ஒன்பது மணி ஐந்து மணி வேலை தெரியாது, ஆனால் எழுதியது அத்தனையும் அதைப் பற்றித்தான் என்பதை. அந்தக் கொல்லைப்புறத்துப் பையனை மறுபடி நினைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் ஒன்றுதான்: இப்போது வேஷத்தை அவரே விலக்கிக் காட்டுகிறார், உள்ளே அப்பாவின் வேலைச்சட்டை இருக்கிறது. இதையே 2012 மார்ச்சில் ஆஸ்டின் நகரத்து இசை விழாவில் இளம் கலைஞர்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். ஊரிலேயே உன்னைப் போல் யாருமில்லை என்றும் நீ எதற்கும் லாயக்கில்லை என்றும் ஒரே நேரத்தில் நம்பப் பழகு என்பது சாரம். கேட்கச் சுலபம். அவருக்கு அதைப் பழக எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

2018இல் காஸ்டைல்ஸ் குழுவின் ஜார்ஜ் தீஸ் இறந்தார். அந்தக் குழுவில் உயிரோடு மிஞ்சியவர் இப்போது தான் ஒருவர்தான் என்று ஸ்பிரிங்ஸ்டீனுக்கு உறைத்தது. இதற்கிடையே, பிராட்வே அரங்கின் வாசலில் ஓர் இத்தாலிய ரசிகர் அவர் கையில் ஒரு கிட்டாரைத் திணித்திருந்தார். வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தார். ஒருநாள் அதை எடுத்து மீட்டியபோது பாட்டுகள் வரிசையாக இறங்கத் தொடங்கின. ஏழு ஆண்டாகக் குழுவுக்கென்று ஒரு பாட்டும் வராமல் தவித்திருந்தவர் அவர். 2019 நவம்பரில், வெளியே பனி, வீட்டு ஸ்டூடியோவில் குழு கூடி ஐந்தே நாளில் ஆல்பத்தை முடித்தது. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள். முன்கூட்டி மாதிரி எதுவும் செய்து வைக்கவில்லை. கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011இலேயே போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் அவருடைய சகோதரரின் மகன் ஜேக் கிளெமன்ஸ். பியானோவில் பழைய குழுவின் ராய் பிட்டன், டிரம்ஸில் அதே வைன்பெர்க். குச்சிச் சத்தத்தைப் பற்றி இந்தத் தடவை யாரும் பேசவில்லை போலும். 'லெட்டர் டு யூ' என்ற அந்த ஆல்பத்தில் 1970களின் தொடக்கத்தில் எழுதிக் கிடப்பில் போட்ட மூன்று பாட்டுகளும் உண்டு. 2025இல் ஒதுக்கிவைத்த முழு ஆல்பங்கள் ஏழு, 83 பாட்டுகள், ஒரே பெட்டியாக வந்தன. அதே ஆண்டு, 'நெப்ராஸ்கா' பாட்டுகளைக் குழு வாசித்த அந்தப் பழைய பதிவும் வெளியானது. அப்படி எதுவும் இல்லை என்றே அவர் நினைத்திருந்தார். கிடங்கில் தேடினால் இருந்தது.

விட்டுவிட்ட ஒன்று பாக்கி. 1984. 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' ஆல்பம் முடிந்துவிட்டது என்று ஸ்பிரிங்ஸ்டீன் நினைத்திருந்த நேரம். வானொலிக்கு ஏற்ற முதல் பாட்டு இதில் இல்லையே என்றார் லாண்டோ. இவருக்கு எரிச்சல் மூண்டது. 70 பாட்டு எழுதியிருக்கிறேன், இன்னொன்று வேண்டுமானால் நீயே எழுதிக்கொள் என்று கத்திவிட்டு ஓட்டல் அறைக்குப் போனார். அன்றிரவே எழுதினார். எழுத உட்கார்ந்து எதுவும் வராமல், தன்னைத் தானே சகிக்க முடியாமல் தவிக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு, ஆட்டம் போட வைக்கும் தாளத்தில். 'டான்சிங் இன் த டார்க்' அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. அவர் தன் பெயரில் பாடி வெளியிட்ட பாட்டுகளில் அங்கே அதற்குமேல் ஏறியது எதுவுமில்லை. அதன் காணொளியில், கூட்டத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு இழுத்து ஆடுவார். அந்தப் பெண் பின்னாளில் புகழ்பெற்ற நடிகை கோர்ட்னி காக்ஸ். அதுமுதல் அந்தப் பாட்டு வந்தால் யாரையாவது மேடையேற்றி ஆடுவது கச்சேரி வழக்கமானது.

அடேல் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு ஆட்டம் என்றால் உயிர். அல்சைமர் நோய் அவரிடமிருந்து பேச்சையும் பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட பிறகும், பாட்டு கேட்டால் உடம்பு அசையும் என்று மகன் மேடையில் சொல்லியிருக்கிறார். 2024 ஜனவரி 31 அன்று 98ஆவது வயதில் காலமானார். நோய் முற்றுவதற்கு முந்தைய ஆண்டுகளில், கச்சேரியில் 'டான்சிங் இன் த டார்க்' தொடங்கும்போது, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தக் கிழவியின் கையைப் பிடித்து ஸ்பிரிங்ஸ்டீன் மேடைக்குக் கூட்டி வந்த இரவுகள் உண்டு. கிட்டாரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆடுவார். பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும் அம்மாவின் கால்.